அப்பாவின் சைக்கிளும் நாலு பல்லும்

எங்க ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே மூணு கிலோமீட்டர் ஜல்லி. அப்பாவின் பழைய 28 அங்குல இரும்புச் சைக்கிளில்தான் நான் பாலிடெக்னிக் வருகிறேன். அதன் கேரியரில் எனக்கு முன்னால் புத்தகம் ஏறியதில்லை; தவிட்டு மூட்டைதான்.

கியர் சைக்கிள் விலை கேட்டதோடு சரி. இருப்பதையே ஜல்லிக்கு ஏற்ற மாதிரி மாற்ற முடிவெடுத்தேன். பெடல் பக்கம் 44 பல், பின்னால் பிரீவீலில் 18. ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்றுக்கு, வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் ஓடும். தார் ரோட்டில் சுகம், ஜல்லியில் முழங்கால் போய்விடும்! 22 பல் போட்டால் நாலரை மீட்டர்தான், ஆனால் மிதி லேசு. செயினில் மட்டும் இரண்டு கண்ணி கூட்டணும்.

ராடு பிரேக்கை மாற்றவில்லை. கட்டை ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிப்பதால் சக்கரத்தில் கொஞ்சம் கோட்டம் விழுந்தாலும் உரசாது. மழையில் பிடிக்காது என்பது வேறு கதை.

"ஓடற வண்டிய ஏண்டா குடையற?" என்றார் அப்பா. தரையில் கரித்துண்டால் வகுத்துக் காட்டினேன். கைநாட்டு வைக்கும் மனிதர், கணக்கைப் பார்க்கவே இல்லை. பிரீவீல் மாட்டியதும் மூட்டையோடு ஒரு நடை போய் வந்தார்.

"மேட்டுல இறங்கவே இல்லடா. இதத்தான் அங்க சொல்லித் தர்றாங்களா?"

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் எனக்குக் கிடைப்பதில்லை.