பெருக்காத புறவாசல்

புரட்டாசி கடைசி வாரத்தில் ஒருநாள், அந்தி ஆறு மணிக்குப் புறவாசல் மாமரத்தடியிலிருந்து ஒரு சீழ்க்கை எழுந்தது. அடுக்களையில் காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "வந்துட்டாவ, உன் விருந்தாளி."

ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் பெயர் உண்டு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் தெற்கே வந்துவிடும். சித்திரை வாக்கில் திரும்பிப் போகும். பச்சை முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடுவதால் இந்தப் பெயர். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த ஐம்பது வருஷமாக அம்மா இந்தக் குரலைக் கேட்கிறாள். பறவையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அது கூப்பிடும் நேரம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும் நேரம்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, வயலை ஒட்டிய வீடு. இப்போது நானும் அம்மாவும் மட்டும். ஆனி பிறந்ததும் ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நுழையும். கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்த மழையின் மிச்சம் இங்கே சாரலாக விழும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் நெரியும். சீசன் களைகட்டிவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதும். வீட்டுக்குள் அதே சீசனுக்கு வேறு பொருள். துணி காயாது. உப்பு கசியும். தீப்பெட்டி நமத்துப்போகும். வத்தலும் வடகமும் பூசணம் பிடிக்காமல் காப்பாற்றியாக வேண்டும். ஐப்பசியில் காற்று திசை மாறி, கிழக்கிலிருந்து இடியோடு மழை வரும்போது மறுபடியும் இதே பாடு.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தாள். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறினால் வத்தலை அள்ளுவாள். தட்டான் தாழப் பறந்தால் அவித்த நெல்லைக் கூட்டிக் குவிப்பாள். பெரும்பாலும் மழை அவளை ஏமாற்றியதில்லை. நானோ முனைவர் பட்டத்துக்காகக் கருப்பொருள் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள். முல்லைக்குக் காட்டுக்கோழி, நெய்தலுக்குக் கடற்காகம் என்று அட்டவணை போட்டேன். அவற்றில் பாதியை நான் கண்ணால் கண்டதில்லை. என் அட்டவணைக்கு ஆய்வு என்று பெயர். அம்மாவின் கண்ணுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. வேலை கெடாமல் இருக்க உதவுகிற மட்டும் அவள் வானத்தைப் பார்க்கலாம். சும்மா பார்ப்பதற்கு அவளுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

அந்தக் குருவியை நான் முதலில் பார்த்தது என் சோம்பலால்தான். மூட்டுவலி வந்து அம்மா குனிய முடியாமல் போன வருஷம், புறவாசல் பெருக்குவது என் வேலையானது. கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் பணி. இரண்டு வாரம் விளக்குமாற்றைத் தொடவில்லை. மாமரத்தடியில் சருகு கணுக்கால் உயரத்துக்குச் சேர்ந்துவிட்டது. ஒரு சாயங்காலம் அதற்குள் சரசரவென்று சத்தம். பாம்பு என்று பயந்து கம்போடு போனேன். ஒரு சின்னப் பறவை அலகால் சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருந்தது. கம்பை மெல்லக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அது தத்தித் தத்தி வேலிக்குள் போகும்வரை நின்றேன்.

பெருக்கிச் சாணி தெளித்த தரையில் இந்தப் பறவைக்கு வேலையில்லை. மட்கும் சருகில்தான் அதன் இரை இருக்கிறது. அன்றுமுதல் மாமரத்தடியைப் பெருக வேண்டாம் என்றேன். அம்மாவோடு பெரிய சண்டை. பக்கத்து வீட்டில் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது: "ரெண்டு பொம்பளைக இருந்தும் பொறவாசல் கெடக்க கெடயப் பாரு." வீட்டில் ஆண் இருந்தால் அவன் பெருக்கவில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. சருகு கிடந்தால் அது பெண்ணின் மானம். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

புறவாசலில் தொடங்கியது குளத்தங்கரைக்கும் நீண்டது. கொக்குகளும் நாரைகளும் அடைவதைப் பார்க்கக் கரையில் நிற்பேன். "என்ன டீச்சர், யாரையும் எதிர்பாத்து நிக்கீங்களா?" "வீட்ல எதுவும் பிரச்சனையாம்மா?" ஒரு பெரியவர் நான் தண்ணீரில் குதித்துவிடுவேனோ என்று பயந்து, நான் கிளம்பும்வரை சற்றுத் தள்ளிக் காவல் நின்றார். அவர் நல்லவர்தான். ஆனால் எதிரே டீக்கடை பெஞ்சில் மணிக்கணக்காக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆண்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். வயலில் இறங்கும் பறவைகளைச் சிங்கன் பெயர் பெயராகச் சொல்லி அடுக்குவான். அவன் ஏன் பார்க்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. பறவை பிடிப்பது அவன் தொழில். ஊர் ஊராக நடந்து குறி சொல்வது சிங்கியின் தொழில். அவள் திரும்பி வந்ததும் முதல் கேள்வி, சொல்லாமல் இத்தனை நாள் எங்கே போனாய் என்பதுதான். அவள் காலில் கிடக்கும் சிலம்பு அவன் கண்ணுக்கு விரியனாகத் தெரிகிறது. குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் அவள். போன வருஷம் ஒரு மாணவி எழுந்து, "அவ பயப்படாம கணக்குச் சொல்றா மிஸ். ஆனா ஏன் கணக்குச் சொல்லணும்?" என்று கேட்டாள். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருந்தது. நான் பாடத்தைத் தொடரவில்லை.

இந்த வருஷம் சீழ்க்கை கேட்ட மறுநாள், ஐந்தேமுக்காலுக்கே அடுப்பை அணைத்துவிட்டேன். புறவாசல் படியில் நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்தேன். "பால் அப்பிடியே கெடக்குட்டி" என்று இரண்டு தடவை எழப் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன். சருகு அசைந்தது. முதலில் வால், பிறகு அந்தச் சிவப்பு. அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இத்தினிக்கூண்டு இருந்துக்கிட்டா இம்புட்டுச் சத்தம் போட்டுச்சு?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "என்னத்தைப் பாக்கீய ரெண்டுபேரும், வெளக்குப் பொருத்துற நேரத்துல?"

"சும்மாதான்" என்றாள் அம்மா.

அன்று காபி ஆறேமுக்காலுக்குத்தான்.