மனைவியாருக்கு ஒளித்த துயர்

நடுவயது என்பது பிறரைத் தாங்கும் பருவம். ஒருபுறம் முதிய பெற்றோர். மறுபுறம் கற்கும் பிள்ளைகள். இடையே கடனும் கடமையும். தாங்குகின்றவருக்குத் தளர்ச்சி வரலாகாது என்பது ஊரின் எதிர்பார்ப்பு. ஆயினும் அது வரத்தான் செய்கிறது. சிலரிடத்தே 'இனி வாழ்ந்தென்ன?' என்ற எண்ணமாகவும் முற்றிவிடுகிறது. சென்ற ஆண்டு அவ்வெண்ணம் நம்மையும் நாடி வந்தமையாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

வேலணையிலிருந்து நாள்தோறும் பண்ணைப் பாலம் கடந்து கல்லூரிக்குப் போய்வருகிறோம். வகுப்பிலே நமது குரல் தளரவில்லை. வீட்டிலே சிரிப்பும் குறையவில்லை. அகத்தே மட்டும் உறக்கமும் உணவின் சுவையும் விடைபெற்றிருந்தன. அவ்வெண்ணத்திலும் பெரிதாக நம்மை வாட்டியது, மனைவியார் அறிந்துவிடுவாரோ என்னும் அச்சமே. அறிந்தால் தம்மிடத்தே குறையென்று கலங்குவாரோ? பிள்ளைகள் முன்னிலையில் நம் மதிப்பு என்னாகும்?

அவ்வச்சத்தின் அடியிலே நாணமும் இருந்தது. 1990ஆம் ஆண்டில் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது நாம் சிறுவர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் திரண்டு தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாமும் நடந்தோம். அத்தனைக்கும் தப்பிய உயிர், அமைதியான ஒரு பிற்பகலில் தன்னையே வெறுக்கிறதென்று யாரிடம் சொல்வது?

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், உடனாய்வாளர் ஒருவருடன் 1995இல் வெளியிட்ட ஆய்விலே, போர்க்காலத்தில் வடக்கில் தற்கொலை குறைந்திருந்தமையைக் காட்டியுள்ளார். இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். நமக்குத் தோன்றுவது இது: அன்றைய துயர் ஊருக்கே பொதுவானது, பதுங்குகுழியில் எவரும் தனியே அஞ்சவில்லை. இன்றைய துயரையோ அவரவர் தனியே சுமக்கிறோம். சுமையினும் தனிமையே கொடிது.

தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டப்பிரிவை இலங்கை 1998ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. ஏட்டிலிருந்து நீங்கிய அக்குற்றம் வீடுகளிலிருந்து இன்னும் நீங்கவில்லை. ஆகையாலேயே நம்மவர் வாய் திறப்பதில்லை.

ஓரிரவு, பிள்ளைகள் உறங்கிய பின், மனைவியாரிடம் அனைத்தையும் சொன்னோம். அவர் அழவுமில்லை, கடியவுமில்லை. "ஏதோ இருக்கெண்டு எனக்கு விளங்கினது. நீங்களாச் சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். நாளைக்கு ரெண்டு பேருமா டொக்டரிட்டைப் போவம்" என்றார். ஒளித்ததாக நாம் எண்ணியிருந்ததை, உண்ணாது மிஞ்சிய சோறே அவருக்குச் சொல்லியிருந்தது.

வைத்தியர் அதனை மனச்சோர்வு நோய் என்றார், மருந்து தந்தார், பொறுமையாகப் பேசினார். சில வாரங்களில் உறக்கம் திரும்பியது. பின்னர் மெல்ல மெல்ல, நாளை என்பதும் வேண்டியதாயிற்று. இன்றும் சில நாட்கள் கனமாகவே விடிகின்றன. ஆனால் அவற்றை இப்போது இருவராகச் சுமக்கிறோம்.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் ஒருவர் உண்ணாமலும் உறங்காமலும் ஒதுங்கியிருந்தால், சாகும் எண்ணம் உண்டோ என்று அன்போடு நேரே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. சொல்வதற்கு ஒரு வாயில் திறக்கிறது. எண்ணம் உங்களுடையதாயின், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல நா எழவில்லையாயின், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி எண் இரவும் பகலும் திறந்திருக்கிறது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவர் உளர்.