'எங்கள்' என்று சொல்லும் ஜெபம்

தமிழில் கடவுளை 'நம் பிதாவே' என்று கூப்பிட முடியாது. 'நம்' என்றால் கேட்கிறவரையும் சேர்த்ததாகிவிடும். பிதாவுக்கே இன்னொரு பிதா தேட வேண்டியிருக்கும். அதனால்தான் 'எங்கள்'.

இயேசு சொல்லிக்கொடுத்த அந்த ஜெபத்தின் வரிசையும் கவனிக்க வேண்டியது. முதல் மூன்று வேண்டுதல்கள் கடவுளுடைய பெயர், ராஜ்யம், சித்தம். அப்பம் நாலாவதாகத்தான் வரும். மார்சிலிங்கில் எங்கள் புளோக்கில் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வரிசை தலைகீழ். பி.ஆர். கிடைக்கணும், பி.டி.ஓ. வீடு விழணும், பிள்ளை பி.எஸ்.எல்.இ.யில் நன்றாகச் செய்யணும். கடைசியில் 'உம் சித்தப்படி' என்று ஒரு வரி, ஒப்பந்தப் பத்திரத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்து மாதிரி. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அடுத்த மாதம் பெர்மிட் முடியப்போகிற ஷிப்யார்ட் அண்ணன் ஒருவர் அங்கே வருகிறார். அவர் அப்பத்தைத்தான் முதலில் கேட்பார். கேட்கட்டும்.

எனக்கு இடிக்கிறது அம்மாவின் விண்ணப்பம். ஒன்றரை வருஷமாக அதே விண்ணப்பம்தான்: "மகனுக்குக் கர்த்தருடைய சித்தப்படி ஒரு பொண்ணு." மேட்ரிமோனி ஆப்பில் அந்தச் சித்தத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது: சாதி. அதையும் அம்மாதான் நிரப்பியிருந்தார். கேட்டால், "பழக்கவழக்கம் ஒத்துப்போகணும்ல?"

அம்மா பிறந்த ஊரிலிருந்து வடக்கன்குளம் ஒரு பஸ் தூரம். அங்கே 1872இல் கத்தோலிக்கர்கள் கட்டிய திருக்குடும்ப ஆலயத்தை மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும். இரண்டு நீளக் கூடங்கள், அவை சேருமிடத்தில் ஒரே பீடம். ஒரு காலில் பிள்ளைமார், முதலியார். மறுகாலில் நாடார் முதலானோர். நடுவில் சுவர். சிவில் படித்த புத்திக்கு ஒரு நிமிஷம் அதைப் பாராட்டத்தான் தோன்றியது. கொடுத்த நிபந்தனைக்குக் கச்சிதமான தீர்வு. இரண்டு பக்கமும் பீடம் தெரியும், மறுபக்கத்து ஆள் மட்டும் தெரியமாட்டார். வரைபடத்தில் கடவுள் மையத்தில்தான் இருந்தார். ஆனால் வரைபடம் போட்டது நாம். சுவருக்கு இந்தப் பக்கம் சொன்ன 'எங்கள்' கடவுளோடு சேர்த்து அந்தப் பக்கத்துக்காரரையும் வெளியே நிறுத்தியது.

1910இல் சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளைமார்-முதலியார் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அவர்கள் கோவிலைவிட்டுப் போகிறோம் என்று கேட்கவில்லை. உள்ளேதான் இருப்போம், ஆனால் பிரிந்து இருப்போம் என்று கேட்டார்கள். விசுவாசம் இல்லாதவர்கள் ஒரு கோவிலுக்காக இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

'அது ஆர்.சி. கதை' என்று நாங்கள் தப்பிக்கவும் முடியாது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்தவர். அவர் கீர்த்தனை இல்லாமல் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. சபையில் சாதி வேறுபாடு கூடாது என்று மிஷனரிகள் சொன்னபோது எதிர்த்து எழுதியவர்களில் அவரும் ஒருவர். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் அதை உத்தரவாகவே போட்டபோது பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். சாஸ்திரியாரின் பக்தி பொய் என்றால் எனக்கு இந்தக் கட்டுரையே வேண்டியிருக்காது. அந்தப் பாட்டுகளில் 'நான்' கரைந்துபோவதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பாட்டில் கரைந்த அந்த 'நான்' பந்தியில் உட்காரும்போது திரும்பி வந்துவிடுகிறது.

போன வாரம் அம்மாவிடம், அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கம்மா என்றேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலியா விட்டா எல்லாரும் வருவாங்களேடா" என்றார்.