செட்டிநாட்டு அடுப்பில் இத்தாலியக் கத்தரிக்காய்

காரைக்குடிக்கு வரும் பயணிகள் பெரும்பாலும் வீடுகளைக் காணவே வருகின்றனர். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நெடிய மனைகள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுக்களை எனக் கட்டுக்கட்டாக நீளும் அமைப்பு. பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள். இத்தாலியச் சலவைக்கல் பதித்த கூடங்கள். ஆத்தங்குடியில் கையால் வார்த்த வண்ணத் தளக்கற்கள். முட்டையின் வெண்கரு கலந்து இழைத்த சுண்ணச் சுவர்கள். இவற்றின் சிறப்பைக் கருதியே 2014-ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான முன்பட்டியலில் இடம்பெற்றன. ஆனால், முகப்பை வியந்து நோக்கும் கண்கள் பின்கட்டை அவ்வளவாக நோக்குவதில்லை. பல நூறு பேருக்கு இலை போட்ட அடுக்களைகள் அங்கேதான் உள்ளன. இன்று அவற்றுள் பல பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் முதியவர் ஒருவரோ இருவரோ ஒற்றை அடுப்பில் தமக்கெனச் சிறிது சமைத்துக்கொள்கின்றனர்.

செட்டிநாட்டுச் சமையல் என்றதும் வெளியூரார் கோழி வறுவலையே நினைப்பர். உள்ளூராரோ கோசமல்லியை மறப்பதில்லை. கத்தரிக்காயை வேகவைத்துத் தோலுரித்து மசித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி வதக்கிச் சேர்த்து, நீர்த்த புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து இறக்குவர். சில வீடுகளில் உருளைக்கிழங்கும் சேர்வதுண்டு. இட்டலிக்கும் இடியாப்பத்துக்கும் இதைவிட இனிய துணை அரிது.

வாசக அன்பர்களே, இத்தாலியக் கல் இந்த மண்ணுக்கு வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் நாட்டில் வழிவழியாக விளைந்த இக்காய் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பழந்தமிழில் இதற்கு வழுதுணங்காய் என்று பெயர். புல்வேளூர்ப் பூதன் படைத்த எளிய விருந்தைப் புகழும் ஔவையார், வரகரிசிச் சோற்றோடும் புளித்த மோரோடும் இக்காயையும் சேர்த்தே பாடினார். இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்ற கத்தரிக்காயை அராபியர் இடைக்காலத்தில் சிசிலித் தீவுக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டு சேர்த்தனர்.

ஆயினும், சென்ற இடத்தில் அதற்கு உடனே வரவேற்புக் கிடைக்கவில்லை. உண்டால் சித்தம் கலங்கும் என ஐரோப்பியர் அஞ்சினர்; இத்தாலிய மொழியில் அதற்கு வழங்கும் ‘மெலன்சானா’ என்னும் பெயரையே ‘பித்து ஆப்பிள்’ எனப் பொருள்கொண்டோரும் உண்டு. பெல்லெக்ரினோ ஆர்த்தூசி என்பார் 1891-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில் ஒரு செய்தியைக் குறிக்கிறார்: அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிளாரன்ஸ் நகரச் சந்தையில் கத்தரிக்காயைக் காண்பதே அரிதாம், அது யூதர் உண்ணும் காய் என்று பிறர் அதனை இழிவாக எண்ணினராம். காயின்மேல் குற்றம் இல்லை. அதை உண்டவர்மேல் கொண்ட வெறுப்புக் காயின்மேல் ஏறிற்று. இது எங்கோ நடந்த கதையென நாம் ஒதுக்கிவிட இயலாது. ‘அவர்கள் வீட்டில் கை நனைக்கமாட்டோம்’ என்னும் சொல் நம் ஊர்களிலும் ஒலித்ததுண்டு. சில இடங்களில் இன்றும் ஒலிக்கின்றது. உணவை இகழ்பவன் உண்பவனையே இகழ்கின்றான்.

காலப்போக்கில் அதே இத்தாலி இக்காயைக் கொண்டாடியது. நேப்பிள்ஸ், சிசிலி ஆகிய தென்பகுதிகள் தம்முடையதென்று உரிமை பாராட்டும் ‘பார்மிஜானா’ என்னும் உணவே அதற்குச் சான்று. பொரித்த கத்தரித் துண்டுகளையும் தக்காளிக் குழம்பையும் பாலாடைக்கட்டியையும் அடுக்கடுக்காக வைத்துச் சூட்டடுப்பில் வேகவைப்பது அது. தக்காளியும் அவர்களுக்கு வந்தேறியே. 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் மிளகாயும் உருளைக்கிழங்கும் அவ்வாறே கடல் கடந்தவை. கோசமல்லியிலும் சரி, பார்மிஜானாவிலும் சரி, ஒரே கண்டத்துப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு சமைக்க முடியாது.

வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் விடுமுறையில் வந்து இவ்வுணவைப் பற்றிச் சொல்லும்போது, நம் வீட்டில் இதைச் செய்ய இயலுமா எனத் தாய்மார் கேட்பதுண்டு. தாராளமாக இயலும். இறைச்சி இல்லாத உணவாதலின் வெள்ளிக்கிழமைக்கும் ஏற்றது.

ஆறு பேருக்கு ஒரு கிலோ பெரிய ஊதாக் கத்தரிக்காய் போதும். விதை முற்றாத, கையில் கனக்கும் காய்களாகத் தேர்ந்து, நீளவாட்டில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அரியவும். நம் வழக்கம் அரிந்ததைத் தண்ணீரில் போடுவது. கறுக்காதிருக்க அவ்வாறு செய்கிறோம். இத்தாலியர் வழக்கம் உப்புத் தூவி வைப்பது. ஒரு மணி நேரத்தில் காயிலுள்ள நீர் வடிந்து, பஞ்சுபோன்ற சதை சுருங்கும். அதனால் பொரிக்கும்போது எண்ணெய் குடிப்பது குறையும். பின்னர்க் கழுவிப் பிழிந்து, துணியால் ஈரம் ஒற்றி, கடலை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து வடியவிடவும்.

மற்றோர் அடுப்பில் நன்கு பழுத்த தக்காளி ஒரு கிலோவைத் தோல் நீக்கி மசித்து, நான்கு பல் பூண்டு வதக்கிய எண்ணெயில் இட்டு, சிறு தீயில் அரைமணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிடவும். குழம்பு கெட்டியாக இருத்தல் வேண்டும். நீர்த்தால் அடுக்கு நிற்காது. காயில் ஏற்கெனவே உப்பு ஏறியிருப்பதால் இதில் குறைத்தே இடவும். இத்தாலியர் மணத்துக்குச் சேர்க்கும் இலை எதுவென்று தேடி அலைய வேண்டியதில்லை. அது நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமே; அதன் விதையைத்தான் சப்ஜா என்று கோடையில் குளிர்பானத்தில் இடுகிறோம். பத்து இலை போதும்.

பாலாடைக்கட்டியில் இரு வகை தேவை. உருகி இழையும் மொசரெல்லா 200 கிராம். துருவித் தூவக் கடினமான வகை 75 கிராம். பார்மா நகரப் பகுதியில் குறைந்தது 12 மாதம் முதிரவைக்கும் பாலாடைக்கட்டியே கடின வகைக்குப் பெயர்பெற்றது, விலை மிகுதி. அதற்கு ஈடாகக் கடையில் கிடைக்கும் சாதாரணச் சீஸையே துருவிக்கொள்ளலாம். சுவை சற்று மாறும், உணவு கெடாது.

காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருப் பழம்பொருட் கடைகளில், வணிகர் முன்பு சுவீடன் முதலிய நாடுகளிலிருந்து தருவித்த எனாமல் பாத்திரங்களை இன்றும் காணலாம். அவை கண்ணுக்கு அழகு. பூச்சு உதிர்ந்தவற்றில் சமைக்கலாகாது. புதிய எனாமல் தட்டோ, விளிம்பு உயர்ந்த எவர்சில்வர்ப் பாத்திரமோ போதும். அடியில் சிறிது குழம்பு, அதன்மேல் கத்தரித் துண்டுகள், மீண்டும் குழம்பு, இலை, பாலாடைக்கட்டி என மூன்று அடுக்குகள் அடுக்கி, மேலே துருவலைத் தூவவும். சூட்டடுப்பு உள்ளோர் 190 பாகை வெப்பத்தில் 35 நிமிடம் வைக்கலாம். இல்லாதோர், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம் பாட்டிமார் கேக் சுட்ட முறையைக் கைக்கொள்ளலாம். கனத்த சட்டியில் இரு விரற்கடை மணல் பரப்பிச் சூடேற்றி, நடுவே வளையம் வைத்து, அதன்மேல் பாத்திரத்தை ஏற்றி மூடி, மூடியின்மேல் தணல் இடுக. முக்கால் மணி நேரத்தில் ஓரங்கள் கொதித்து மேற்புறம் சிவக்கும்.

இறக்கியவுடன் வெட்டலாகாது. அரைமணி நேரம் ஆறினால்தான் அடுக்குக் குலையாது. மறுநாள் இன்னும் சுவைக்கும்.

1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் தத்துவ போதகர் எனும் ராபர்ட் தெ நொபிலி அடிகள், புலால் நீக்கிச் சோறும் காய்கறியும் உண்டு நம்மவரோடு ஒருவராக வாழ்ந்தார். பிறர் உணவை ஏற்பது பிறரை ஏற்பதன் முதற்படி என்பதை அவர் வாழ்க்கை காட்டிற்று. அன்று அவர் நம் இலைக்கு வந்தார். இன்று அவர் நாட்டு உணவு நம் அடுப்புக்கு வருகின்றது.

இது பெரும்பாத்திரத்தில் செய்து, துண்டிட்டுப் பகிர்வதற்கென்றே அமைந்த உணவு. ஒற்றை அடுப்போடு முதியவர் வாழும் வீடு உங்கள் தெருவிலும் இருக்கும். இதுநாள்வரை நீங்கள் கை நனைக்காத வீடும் ஒன்று இருக்கலாம். இரண்டுக்கும் ஒவ்வொரு துண்டு அனுப்புங்கள். அனுப்பிய தட்டைத் திருப்பிக் கேட்க விரைய வேண்டாம். நம் பக்கத்தில் வெறுந்தட்டைத் திருப்பித் தரும் வழக்கமில்லை. அது ஒருநாள் கோசமல்லியோடு திரும்பி வரும். வரும்போது மனமுவந்து உண்ணுங்கள்.