ஓட்டு வீட்டில் அணில் குடித்தனம்

கூடலூர் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் திராட்சைப் பந்தல். வீட்டில் எழுபதைத் தாண்டிய அப்பத்தா, அவர் மகன், மருமகள், பத்தாவது படிக்கிற பேரன். இவர்களோடு வாடகை தராமல் மேலே ஒரு குடும்பம்... அணில் குடும்பம்!

சித்திரை மாசம் பிறந்ததும் சத்தம் ஆரம்பித்தது. ஓட்டுக்குக் கீழே கரகரவென்று சுரண்டல். மகன் எலி என்றார். "எலின்னா ராத்திரி ஓடும்பா. இது பகல்ல ஓடுது" என்றார் அப்பத்தா. அவர் சொன்னதுதான் சரி. அணில் பகல் பிராணி. பொழுது விடிந்ததும் இரை தேடக் கிளம்பும், இருட்டுவதற்குள் கூட்டுக்கு வந்துவிடும். ராத்திரி முழுக்க ஓட்டம் கேட்டால் எலி, காலையிலும் சாயங்காலமும் கேட்டால் அணில். முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சத்தத்தோடு நின்றிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு நாள் மின்விசிறி நின்றுபோனது. ஏறிப் பார்த்தால் ஒயர் கடிபட்டு செம்புக்கம்பி பல்லைக் காட்டுகிறது. அணிலுக்கு முன்பல் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் எதையாவது கடித்துத் தேய்த்தே ஆகவேண்டும். சுற்றிலும் காய்ந்த தேங்காய் நார், பழைய துணி, பஞ்சு வைத்துக் கட்டிய கூடு. ஒரு பொறி விழுந்தால் போதும்.

மகன் அன்று சாயங்காலமே கடைக்குப் போய் விஷ மருந்தோடு வந்தார். அப்பத்தா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ராமர் தடவிக் கொடுத்த பிராணிடா அது. இந்த வீட்ல அதுக்கு வெஷம் வைக்காத."

"ஆத்தா, வீடு தீப்பிடிச்சா ராமரா வந்து அணைப்பாரு?"

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சேது கட்டும்போது மணலில் புரண்டு உதவிய அணில் கதை நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தொண்டரடிப்பொடி ஆழ்வாரே திருமாலையில் அந்த அணிலைச் சொல்லியிருக்கிறார். கதையை ஒதுக்கிவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் விஷம் நஷ்டம்தான். மருந்து மலிவு, ஆனால் தின்ற அணில் கைக்கு எட்டாத இடுக்கில் செத்து நாறும். அதைத் தின்கிற பூனைக்கும் ஆபத்து. இடம் காலியானால், ஓட்டை அப்படியே இருப்பதால், தோப்பிலிருந்து அடுத்த அணில் குடிவரும். பிடித்துக்கொண்டு போய் தூரத்தில் விடுவதும் இதே கதைதான். பாச்சை உருண்டை, சாம்பிராணிப் புகை எல்லாம் ஓடு இடுக்கில் காற்று வாங்கிப் போய்விடும்.

மறுநாள் கொத்தனார் வந்து இரண்டு ஓட்டைத் தூக்கினார். உள்ளே மூன்று குட்டிகள், கண் திறக்காதவை.

இங்கேதான் சிக்கல். நம் ஊர் மூன்று வரி அணில் சுமார் 34 நாள் சினையாக இருந்து இரண்டு மூன்று குட்டி போடும். குட்டி பால் மறக்க ஏறக்குறைய பத்து வாரம். அதற்குள் ஓட்டையை அடைத்தால் தாய் வெளியே, குட்டி உள்ளே. தாய் ஓட்டையே உடைக்கப் பார்க்கும், குட்டிகள் பட்டினியில் சாகும். ஆனால் ஜூன் பிறந்தால் குமுளி மலையிலிருந்து சாரல் இறங்கிவிடும். அதற்குள் உடைந்த ஓட்டை மாற்றாவிட்டால் ஒழுகப்போவது அப்பத்தா படுக்கிற கட்டிலுக்கு நேர் மேலே!

வழி சொன்னது கொத்தனார்தான். "கூடு இருக்க மூலைய விட்ருவோம் ஆத்தா. மத்ததெல்லாம் இப்பவே மாத்திருவோம். அந்த மூலைக்கு மட்டும் ஒரு தார்ப்பாய்." முதல் வேலையாக மெயினை அணைத்து, கடிபட்ட ஒயரை எல்லாம் உருவி, புதிதாகப் பைப்புக்குள் விட்டார்கள். தீ பயம் போனதும் மகனின் கோபமும் பாதி போனது.

நடுவில் ஒரு குட்டி அடுப்படியில் விழுந்தது. பேரன் பால் ஊட்டக் கிளம்பினான். அப்பத்தா விடவில்லை. ஒரு கொட்டாங்குச்சியில் துணி போட்டு, குட்டியை அதில் வைத்து, கூட்டுக்குப் பக்கத்துச் சுவர் மேல் வைத்துவிட்டு எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு போனது. விழுந்த குட்டிக்கு முடிந்தவரை இதுதான் சரியான வைத்தியம்.

சாரல் வந்தது. தார்ப்பாய் மூலையில் கொஞ்சம் ஒழுகத்தான் செய்தது. கட்டிலை நகர்த்திப் போட்டு, குண்டானை வைத்துச் சமாளித்தார் அப்பத்தா. ஆனி கடைசியில் குட்டிகள் தாயோடு ஓட்டு மேல் ஓட ஆரம்பித்தன.

அப்புறம் நடந்ததைக் கவனமாகப் படியுங்கள், ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு உதவும். போகிற வருகிற ஓட்டையில் ஒரு வைக்கோல் பந்தைச் செருகினார்கள். உள்ளே ஆள் இருந்தால் அதைத் தள்ளிவிட்டு வெளியே வரும். முதல் இரண்டு நாள் பந்து கீழே கிடந்தது. பிறகு மூன்று நாள் அசையவே இல்லை. கூடு காலி. அதன் பிறகும் நல்ல வெளிச்சத்தில், காலை பத்து மணிக்கு மேல்தான் ஓட்டைப் பிரித்துப் பார்த்து, கூட்டை எடுத்து, ரீப்பருக்கும் ஓட்டுக்கும் நடுவே அரை அங்குலக் கண் உள்ள இரும்பு வலை அடித்தார்கள். துணியோ பிளாஸ்டிக் வலையோ வைத்தால் ஒரே நாளில் கடித்துவிடும். முகட்டு ஓட்டுச் சந்துகளை சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த தென்னை மட்டையையும் முருங்கைக் கிளையையும் வெட்டினார்கள். அணிலுக்கு அதுதானே பாலம்!

இதே மாவட்டத்தின் மேகமலையில் சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது. மரத்துக்கு மரம் கிளைகள் சேருகிற இடத்தில்தான் கூடு கட்டும், தரையில் இறங்காமலே போய்வரலாம் என்பதற்காக. அதற்கென்றே ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் உண்டு. 2021-ல் அந்தச் சரணாலயமும் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டன. மலை அணிலுக்குக் காடு இருக்கிறது. வீட்டு அணிலுக்கு நம் தோப்பும் நம் கூரையும்தான். கூரையைக் கொடுக்க முடியாது, சரி. தோப்பையாவது விட்டு வைக்கலாமே.

அந்த அணில்கள் இப்போது பின்னால் உள்ள தென்னையில். அடுத்த சித்திரையில் ஒன்று ஓட்டோரம் வந்து வலையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாம். வாங்கி வந்த விஷப் பொட்டலம் என்ன ஆனது என்று மகன் கேட்கவே இல்லை. அப்பத்தாவும் சொல்லவில்லை.