பாகாயத்தில் ஒரு திண்டுக்கல் பூட்டு

கன்னிவாடியில் முருங்கைத் தோப்புக்கு நடுவே பெரியப்பாவின் மோட்டார் ரூம். அதற்குத் திண்டுக்கல் பூட்டுதான் போட்டிருக்கிறார். பக்கவாதத்தில் வலது கை விழுந்தபின் அதைத் திறக்க ஆள் வேண்டியிருந்தது. யாரையும் கூப்பிட மாட்டார். யாராவது வரும்வரை வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

அவரைக் கூட்டிக்கொண்டு இரவு பஸ் ஏறி விடியலில் வேலூரில் இறங்கினோம். சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து, டீக்கடையில் இந்தி. நாங்கள்தான் தூரத்திலிருந்து வந்தோம் என்ற நினைப்பு அங்கேயே போய்விட்டது. ஆட்டோ பிடித்துப் பாகாயம் போனோம். சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் அங்கேதான்.

ஆக்குபேஷனல் தெரபி என்றதும் தொழில் கற்றுக்கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். உள்ளே பார்த்தால் பலகையில் பொருத்திய தாழ்ப்பாள், குழாய், சுவிட்சு. பொத்தான் வைத்த துணி. குளிப்பது, உடுத்துவது, சோறு பிசைவது, தோப்புக்குப் போவது என ஒருவருடைய நாளை நிரப்பும் எல்லாமே இவர்கள் கணக்கில் தொழில்தான். தசைக்கும் மூட்டுக்கும் பலம் சேர்க்க பிசியோதெரபி இருக்கிறது. அந்தப் பலத்தை வைத்து இந்த மனிதர் என்ன செய்ய ஆசைப்படுகிறார் என்று கேட்பது இவர்கள் வேலை.

“காலையில எந்திரிச்சா என்னென்ன செய்வீங்க ஐயா?” தெரபிஸ்ட் பெண் கேட்ட முதல் கேள்வி இது. எந்த ஆஸ்பத்திரியிலும் பெரியப்பாவை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

“மோட்டார் ரூமத் தொறக்கணும் தாயி.”

சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இந்தச் சின்ன வித்தை தெரியாமல் வீட்டில் தினமும் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறோம். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கினால் மூடாத விரல்களுக்கும் பிடி கிடைக்கிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, மூளையில் சேதப்படாத பகுதி அந்த வேலையைப் பழகிக்கொள்ளுமாம்.

இந்த நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது. இதற்காகப் பாடுபட்டவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு அவருடைய கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அந்தச் சிகிச்சையை 1948 முதல் வேலூரில் வளர்த்தெடுத்த டாக்டர் பால் பிராண்ட் ஒரு விஷயத்தைக் கண்டார்: கை நேரானவர்களுக்குப் பிச்சையும் குறைந்தது, வேலையும் கிடைக்கவில்லை. அதனால்தான் நவ ஜீவ நிலையம் தொடங்கி, சரியான கைகளுக்குத் தச்சு வேலை பழக்கினார்கள். எனக்கு இந்தத் துறையை முழுசாக விளங்கவைத்தது அந்தச் செய்திதான்.

எங்கள் பூட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடிக்கிற பிடிக்கு ‘சாவிப் பிடி’ என்றே பெயர் இருக்கிறதாம். சாவித் தலையில் மரத்துண்டு ஒன்றை இறுக்கிக் கட்டிக் கொடுத்தார் அந்தப் பெண். முதல் வாரம் முழுக்கச் சாவி கீழே விழுந்துகொண்டே இருந்தது. பெரியப்பா ஒவ்வொரு தடவையும் குனிந்து இடது கையால் எடுத்தார். எங்களை எடுக்க விடவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் சாவி பாதி திரும்பியது. பூட்டு திறக்கவில்லை.

“பாதி வந்துருச்சு தாயி,” என்றார், பிடியை விடாமல்.