ஆசாரி கட்டிய கட்டணம்

போன வாரம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்தான். துப்பாக்கி சுடும் போட்டிகளில் ஆர்வம் உள்ளவன். "தாத்தா, நீங்க அந்த செக்‌ஷன்ல வேலை பார்த்தீங்களாமே. வீட்டிலேயே துப்பாக்கிக் கடை வைக்கணும்னா லைசென்ஸுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான். கட்டணம் பெரிய தொகை இல்லை என்றேன். அவன் போன பிறகுதான் ஓர் ஆசாரியின் ஞாபகம் வந்தது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, துப்பாக்கி விற்பதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். குதிரை விசையை மாற்றிக் கொடுப்பவரும் விற்பவரும் ஒரே பிரிவுக்குள்தான் வருவார்கள். நாட்டுத் துப்பாக்கிக்கான கருமருந்து என்றால் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் கூடவே வரும்.

எங்கள் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1985 செப்டம்பரில். அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான் ஆசாரி எனக்குப் பழக்கம். அப்பா காலத்தில் பூட்டுப் பட்டறை. இவர் அதோடு துப்பாக்கிப் பழுதும் பார்த்தார். சிறுமலை அடிவாரத்திலும் நத்தம் பக்கமும் காட்டுப்பன்றிக்குப் பயந்து நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த விவசாயிகள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தபோது 'அர்முரியே' என்று ஒரு சொல் வரும். துப்பாக்கி செய்பவன், செப்பனிடுபவன் என்று பொருள். அந்தச் சொல்லுக்கு உரிய ஆளை நான் கண்ணால் பார்த்தது திண்டுக்கல்லில்தான். 1755-இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தபோது பிரெஞ்சுக்காரர்களை வைத்து ஆயுதச்சாலை நடத்தினார் என்பது சரித்திரம். அதை ஆசாரியிடம் சொன்னபோது, "அவங்களுக்கு யார் சார் லைசென்ஸ் கொடுத்தது?" என்று கேட்டுச் சிரித்தார்.

கருவூலத்தில் சலான் போட்டுக் கட்டும் பணம் அவருக்கு ஒரு பாரமே இல்லை. மற்றதெல்லாம்தான் செலவு. வீட்டில் ஓர் அறையைக் கம்பிக் கதவும் இரும்புப் பெட்டியுமாகத் தனியே ஒதுக்க வேண்டும். அந்த அறையில் பிள்ளைகள் படுக்க முடியாது. வந்த துப்பாக்கி, போன துப்பாக்கி, உரிம எண், தேதி என்று பதிவேடுகள் எழுத வேண்டும். எழுதக் கூலிக்கு ஓர் ஆள். காவல் நிலையத்திலிருந்து தணிக்கைக்கு வந்தால் அன்றைக்குப் பட்டறை நெருப்பு அணைந்துவிடும். தேர்தல் சமயத்தில் விவசாயிகள் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டியிருக்கும். காவல் நிலையத்துக்குப் போகாதவர்கள் இவரிடம் கொடுத்து வைப்பார்கள். அவர் நாலு காசு பார்த்தது அப்போதுதான்.

ஒரு வருடம் அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிந்து, அறை இடம் மாறியது. புது இடத்தைச் சேர்த்துப் புதுப்பிக்க மனு கொடுத்தார். வரைபடத்தில் அளவு குறிக்கவில்லை என்று திருப்பினேன். சரி செய்து வந்தார். வீட்டு வரி ரசீது அப்பா பெயரில் இருக்கிறது என்று மறுபடி திருப்பினேன். அதையும் மாற்றிக்கொண்டு வந்தார். பதிவேட்டு நகலில் ஒரு பக்கத்தில் கையெழுத்து இல்லை என்று மூன்றாவது முறையும் திருப்பினேன். இதற்குள் உரிமக் காலம் முடிந்துவிட்டது. கையிருப்பை எல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, துப்பாக்கித் தொழிலையே விட்டுவிட்டார்.

நான் லஞ்சம் கேட்கவில்லை. விதியை மீறவும் இல்லை. ஆனால் மூன்று குறைகளும் முதல் நாளே அந்தக் கட்டில் இருந்தன. முதல் குறை கண்ணில் பட்டதும் கட்டை மூடிவிடுவது என் வழக்கம். மறுத்து உத்தரவு போட்டிருந்தால் காரணம் எழுதியிருக்க வேண்டும். அவரும் 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்திருக்கலாம். திருப்பி அனுப்புவதற்கு மேல்முறையீடு கிடையாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

இப்போது 2016-ஆம் ஆண்டு விதிகள் வந்துவிட்டன. 2019 திருத்தத்தில் தனிநபர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. உரிமக் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாகக் கூடியது. கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். துப்பாக்கி, கத்தரிக்காய் வியாபாரம் இல்லை. நான் சொல்வது மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பற்றி மட்டும்.

சில வருடம் கழித்து, எங்கள் வீட்டு மாங்காய்ப் பூட்டு இறுகிப்போய் ஆசாரியிடமே கொண்டுபோனேன். சாவி மட்டும்தான் சிக்குகிறது என்றேன். அவர் பூட்டை முழுக்கப் பிரித்துவிட்டார். "இருங்க சார், வில்லு, தாழ் எல்லாத்தையும் இப்பவே பார்த்துடறேன். இன்னொரு தடவை நீங்க அலையக் கூடாதில்லையா?" என்றார்.

குத்திக்காட்டித்தான் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவர் வேலை செய்யும் முறையே அதுதான்.

அந்தப் பையனை நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.